அடைமழைக் காலத்து வீட்டுப் பண்டங்கள்

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை ஆகிய மூன்று மாதங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பண்டிகை மாதங்கள். மழை மாதங்களும் அவையே. நவராத்திரிக்குச் சுண்டல், தீபாவளிக்குப் பலகாரமும் லேகியமும், திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டையும் அடையும் கொழுக்கட்டையும் என, நம் முன்னோர் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பண்டத்தை உரியதாக்கி வைத்தனர். இவை வெறும் நாவின் சுவைக்காக ஏற்பட்டவை என்று கருதுவது பொருந்தாது. அந்தந்த மாதத்தில் வயலிலும் கொல்லையிலும் வீட்டுக் குதிரிலும் எது இருக்குமோ, அதைக் கொண்டே ஒவ்வொரு பண்டமும் அமைந்திருக்கிறது.

இன்று இப்பண்டங்கள் பல வீடுகளில் பெயரளவுக்கே செய்யப்படுகின்றன. விளைந்ததை விற்றுப் பணமாக்கி, அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கடையில் தொங்கும் பொட்டலங்களை வாங்கும் வழக்கம் சிற்றூர்களிலும் பரவிவிட்டது. விளைபொருளை விற்பது தவறன்று. விற்றால்தான் குடும்பம் நடக்கும். ஆனால் விற்பதற்கு முன் நல்லதில் ஒரு பங்கை வீட்டுக்கென ஒதுக்கி வைக்கிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

பருவமும் பசியும்

தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. சம்பா நெல் வயலில் பச்சையாக நிற்கும்; அறுவடைக்குத் தை மாதம் வரை காத்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு நெல் குதிரின் அடியைத் தொட்டிருக்கும். அடைமழை நாள்களில் கூலி வேலையும் குறையும். இம்மாதங்களில்தான் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மிகுதியாக வருகின்றன. நோய் வந்தால் உணவு செல்லாது. உணவு குறைந்தால் மீண்டும் நோய் வரும். ஊட்டம் மிக வேண்டியிருக்கும் காலத்தில் கையிருப்பு குறைந்திருப்பதே மழைக்காலத்தின் இடர்ப்பாடு.

2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேரும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேரும் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. இரும்புச் சத்தும் புரதச் சத்தும் போதிய அளவில் உணவில் சேராமை அவற்றுள் ஒன்று. சோறும் குழம்பும் வயிற்றை நிரப்பும். பயறும் கடலையும் கீரையும் காயும் கனியும் சேர்ந்தாலன்றி உடல் உரம் பெறாது.

மழை மாதங்களில் அரிசி குறைந்தாலும் வேறு சில பொருள்கள் நம் மண்ணில் கிடைக்கவே செய்கின்றன. மானாவாரி நிலக்கடலை புரட்டாசி, ஐப்பசியில் வீட்டுக்கு வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு அறுவடையாகிறது. முன் பருவத்தில் எடுத்த பாசிப்பயறும் தட்டைப்பயறும் கொள்ளும் பானையில் இருக்கும். கோடையில் காய்ச்சிய கருப்பட்டி பரணில் இருக்கும். பண்டிகைப் பண்டங்களின் மூலப்பொருள்கள் இவைதாம். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை; இருப்பதை அறிந்து செய்தால் போதும்.

நல்லது சந்தைக்கு, பொக்கு வீட்டுக்கா?

மணிலா, மல்லாட்டை, வேர்க்கடலை என்று வட்டாரந்தோறும் பெயர் பெறும் நிலக்கடலையைப் பற்றி முதலிற் கூறுவோம். ஏனெனில், இதில் ஓர் இடர் மறைந்திருக்கிறது.

கடலை வந்ததும் குடும்பங்கள் என்ன செய்கின்றன? திரண்ட காய்களைப் பிரித்து மூட்டை கட்டி விற்பனைக்கு அனுப்புகின்றன. வியாபாரி கழித்த பொக்கும், சூம்பலும், மழையில் நனைந்து நிறம் மாறிய கொட்டையும் வீட்டு உபயோகத்துக்கு நிற்கின்றன. வீணாக்கக் கூடாது என்னும் சிக்கன புத்தியே இதற்குக் காரணம். ஆயினும் இந்தச் சிக்கனம் உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைப்பதாகும்.

சரியாக உலராத கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்கிறது. அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குத் தீவனமாக இட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. நம் நாட்டிலும் 1974 ஆம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லைப்புறக் கிராமங்களில், அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் ஈரல் நோயுற்றனர். 100 பேருக்கு மேல் உயிர் இழந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டாலும் இந்நஞ்சு ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழி செய்யும்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த கடலையைச் செக்கிலிட்டால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலும் ஓரளவு எண்ணெயிலும் தங்கும். அந்தப் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் அது வெளிப்படும். எனவே, கெட்ட கொட்டையைக் குழந்தைக்கும் கொடுக்கலாகாது, மாட்டுக்கும் வைக்கலாகாது. அதை எரித்தோ ஆழப் புதைத்தோ அழிப்பதே தக்கது.

வருமுன் காக்கும் வழிகள் எளியவை.

முதலாவது, பிடுங்கிய செடிகளைக் காய் மேலாகவும் தழை கீழாகவும் தலைகீழாக அடுக்கிக் காற்றாட விட வேண்டும். பச்சைச் செடிகளை ஈரத்துடன் குவியலாகப் போட்டு வைத்தால் உள்ளே வெப்பம் ஏறிப் பூஞ்சணம் பெருகும்.

இரண்டாவது, பறித்த காய்களைக் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்த வேண்டும். வெறும் மண்தரையில் உலர்த்துவது நன்றன்று. காயை ஆட்டினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். கடித்தால் மொறுமொறுவென உடைய வேண்டும். தேய்த்தால் தோல் கழல வேண்டும். பருப்பின் ஈரம் 100-க்கு 8 பங்குக்கு மேற்படாமல் இருப்பதே பாதுகாப்பான நிலை.

மூன்றாவது, உலர்ந்த காயைச் சணல் சாக்கில் இட்டு, தரையில் படாமலும் சுவரில் சாயாமலும் பலகைமீது அடுக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அரைகுறையாக உலர்ந்த காயைக் கட்டி வைத்தல் கூடாது.

நான்காவது, சமையலுக்கு எடுக்கும்போது தாய்மார்கள் முறத்தில் கொட்டிக் கையால் ஆய வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பச்சை அல்லது மஞ்சள் நிறத் தூசு படிந்தது, கசப்பது ஆகியவற்றைத் தயங்காமல் நீக்குக.

இவ்வாறு தேர்ந்தெடுத்த நல்ல கடலையில் ஒரு மூட்டையையாவது விற்பனைக்கு முன்பே வீட்டுக்கென எடுத்து வைத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் முதன்மையான வேண்டுகோள்.

புதிதாகப் பறித்த பச்சைக் கடலையைக் கழுவி, ஓட்டுடன் உப்பிட்டு வேகவைத்து உண்பது இம்மாதங்களின் எளிய விருந்து. உலர்ந்த கடலையில் உருண்டை பிடிக்கலாம். வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 500 கிராமுக்கு வெல்லம் 300 கிராம் போதும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிக் கல்லும் மண்ணும் நீக்கிய பிறகு பாகு காய்ச்சுக. பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று ஒலிக்க வேண்டும். அப்போது இறக்கி, ஏலப்பொடியும் பருப்பும் கலந்து, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூடு ஆறுமுன் உருட்டுக. 25 கிராம் எடையில் ஏறத்தாழ 30 உருண்டைகள் கிடைக்கும். ஓர் உருண்டையில் சுமார் 4 கிராம் புரதம் உண்டு. அதே எடையுள்ள சாதாரணக் கடைப் பிஸ்கோத்தில் இதில் பாதியும் இராது.

நவராத்திரிச் சுண்டல்

ஒன்பது நாளும் ஒவ்வொரு பயறாகச் சுண்டல் செய்து, வந்தவர்க்கெல்லாம் வழங்குவது நவராத்திரி வழக்கம். கொலு வைக்கும் வீட்டில் மட்டுமே சுண்டல் என்பதில்லை; எந்த வீட்டிலும் எந்த மாலையிலும் செய்யலாம். பயறு வகைகளில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் உண்டு. 250 கிராம் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரு மடங்குக்குக் குறையாமல் பெருகும். 10 குழந்தைகளுக்கு மாலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் 5 கிராம் புரதம் சேரும்.

செய்முறையில் மூன்று குறிப்புகளை நினைவிற் கொள்க. ஒன்று, ஊறவைத்தல். கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு ஆகியவற்றை இரவு முழுதும் ஊறவிடுக. பாசிப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் நாலைந்து மணி நேரம் போதும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறையும். விறகும் எரிவாயுவும் மிஞ்சும். இரண்டு, முளைகட்டுதல். ஊறிய பாசிப்பயறை ஈரத்துணியில் ஓர் இரவு கட்டி வைத்தால் முளை தோன்றும். வைட்டமின் சி சத்து பெருகும். மழைக்காலத்தில் முளைப்பயறைப் பச்சையாக உண்ணாமல் ஆவியில் வேகவைத்தே உண்ணுதல் நலம். மூன்று, எலுமிச்சை. இறக்கி வைத்த சுண்டலில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து கொடுத்தால் பயறிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். அதற்கு மாறாக, சுண்டல் தின்ற கையோடு தேநீர் பருகினால் அச்சத்து சேராமல் தடைப்படும். தேநீருக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுக.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது பழமொழி. மாட்டுக்கு வைக்கும் தானியம் என்று கொள்ளை ஒதுக்குவோர் உளர். கொள்ளிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. மற்றப் பயறுகளுக்கு அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கொள்ளை வேகவைத்த நீரை வீணாக்காமல் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு இரசமாக்கினால், மழை நாளில் சூடாகப் பருகுவதற்கு அதைவிட இதமானது இல்லை.

தீபாவளிப் பலகாரம்

தீபாவளிக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று யாம் கூறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை முறுக்கும் அதிரசமும் சுடுவதால் குடி கெட்டுவிடாது. ஆனால் எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது கேடு. காய்ந்த எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்துப் புகைந்தால் அது உணவுக்கு உதவாது. பலகாரம் விற்பவர்கள் பயன்படுத்தும் எண்ணெயில், காய்ச்சுவதால் உண்டாகும் கேடான பொருள்களின் அளவு 100-க்கு 25 பங்கைத் தாண்டினால் அதை மேலும் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடப்பிலிருக்கிறது. வீட்டில் அளவுகருவி இல்லை. கண்ணும் மூக்குமே கருவிகள். வாணலியில் ஒருவேளைக்கு வேண்டிய அளவே எண்ணெய் விடுக. மிஞ்சியதை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குச் செலவிடுக. பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயைக் கலக்காதீர்.

வண்ணத்தைக் குறித்தும் ஒரு சொல். கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் இனிப்புக்கு வேண்டுவதில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றப்படும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால், பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது யாவரும் அறிந்ததே. திருவிழாக் கடைகளில் குழந்தைகள் முதலில் நாடுவது வண்ணப் பண்டத்தையே. வீட்டில் செய்யும் பண்டத்துக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும் கருப்பட்டியும் தரும் நிறமே போதும். வெல்லம் வாங்கும்போதும் பளிச்சென்ற வெளிர் மஞ்சளைத் தேடாதீர். நிறம் ஏற்றுவதற்காக ஹைட்ரோஸ் என்னும் இரசாயனப் பொருளை மிகுதியாகச் சேர்ப்பவர் உண்டு. சற்றுக் கறுத்த வெல்லமே நல்ல வெல்லம்.

தீபாவளி லேகியம், எண்ணெய்ப் பண்டம் மிகுதியாக உண்ட வயிற்றுக்குத் துணையாக ஏற்பட்டது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், தனியா ஆகியவற்றை இளஞ்சூட்டில் வறுத்து இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் இட்டுக் கிளறி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சுருள இறக்குக. பெரியவர்களுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு போதும். தேன் சேர்ப்பதாயின் ஆறிய பிறகு சேர்க்க. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கொடுத்தல் கூடாது. லேகியம் செரிமானத்துக்கு உதவுவது. நோய் கண்டால் அதையே நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க.

திருக்கார்த்திகையும் பனையும்

மழை சற்று ஓயும் கார்த்திகையில் அகல் விளக்கோடு வருவது பொரி உருண்டை. நெல்லைச் சுடுமணலில் இட்டுப் பொரிப்பது நெல்பொரி. அதை முறத்தில் நன்றாகப் புடைத்து உமியை அகற்றுதல் முதல் வேலை. உமி தொண்டையில் சிக்கினால் குழந்தைகளுக்கு ஆபத்து. பொரி 8 ஆழாக்குக்கு வெல்லத்தூள் 1 ஆழாக்கு எடுத்துக்கொள்க. பாகு, கடலை உருண்டைக்குக் கூறிய பதமே. தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வதக்கி, பொட்டுக்கடலையும் வறுத்த எள்ளும் கூட்டி உருட்டுக. பொரி வயிற்றுக்கு இலகுவானது. ஆனால் தனிப்பொரியில் புரதம் குறைவு. பொட்டுக்கடலையும் எள்ளும் சேர்வதனால்தான் அது ஊட்டப் பண்டமாகிறது. எனவே இவற்றைக் குறைக்காதீர்.

அடைக்குப் புழுங்கலரிசி 2 ஆழாக்கும், துவரை, கடலை, உளுந்து ஆகிய பருப்புகள் மூன்றும் ஒவ்வொன்றும் அரை ஆழாக்கும் ஊறவைத்து, மிளகாய், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கரகரவென அரைத்து, முருங்கைக்கீரையையும் தேங்காய்க் கீற்றையும் கலந்து கல்லில் வார்க்க வேண்டும். அரிசியில் பாதியை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகத் தினையோ வரகோ சாமையோ போடலாம். கேழ்வரகு மாவிலும் கீரை பிசைந்து அடை தட்டலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகோர் நம் சிறுதானியத்தின் பெருமையை உணரும் காலத்தில், அதை விளைவிக்கும் உழவன் வீட்டு அடுக்களையில் அது இல்லாமற் போவது அழகாகுமா?

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்பர். வறுத்த அரிசி மாவு 500 கிராம், கருப்பட்டி 300 கிராம், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயறு 100 கிராம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் ஆகியவை வேண்டும். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, அச்சூட்டிலேயே மாவோடு கூட்டிப் பிசைக. கழுவிய குருத்தோலைத் துண்டின் நடுவில் மாவை வைத்து மூடி, ஓலை நாரால் கட்டி, ஆவியில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். ஒரு துளி எண்ணெயும் செலவில்லை. ஓலையின் மணம் மாவில் ஏறும்.

குருத்தோலையும் கருப்பட்டியும் பனை தந்தவை. பனங்கிழங்கும் இதே பருவத்தில் மண்ணுக்குள் வளர்கிறது. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழக் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி வைத்தால், மார்கழி, தையில் கிழங்கு தோண்டலாம். கிழங்கை வேகவைத்து உண்ணலாம். உலர்த்தி மாவாக இடித்தும் வைத்துக்கொள்ளலாம். பனை நம் மாநில மரம். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இருக்கும் மரத்தைக் காப்பதோடு, ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் இம்மழையிலேயே கொட்டை ஊன்றினால் வரும் தலைமுறைக்குக் கருப்பட்டி மிஞ்சும்.

எச்சரிக்கைகள் சில

வீட்டில் செய்தது என்பதனாலேயே எல்லாம் எல்லார்க்கும் ஏற்றதாகிவிடாது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையைப் போலவே இனிப்புப் பொருள்கள்தாம். நீரிழிவு உடையோர்க்கு அவையும் ஆகா. அவர்களுக்குச் சுண்டலும் அவித்த கடலையும் ஏற்றவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையையும் முழு உருண்டையையும் கொடுக்காமல் பொடித்துக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் மூச்சுக்குழலில் சிக்கும். கடலை ஒவ்வாத உடல்வாகு உடையோரும் உளர். உண்டதும் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

ஈரக்காற்றில் பண்டங்கள் விரைவில் கெடும். பொரி உருண்டையையும் கடலை உருண்டையையும் நன்கு ஆறியபின் ஈரமற்ற தகர டப்பாவில் இட்டு மூடுக. சுண்டலும் கொழுக்கட்டையும் தேங்காய் சேர்ந்தவை. அன்றன்றே உண்ண வேண்டும். காலையில் செய்த சுண்டலை இரவில் கொடுக்காதீர். மழைநீர் கலந்த கிணற்று நீரையும் குழாய் நீரையும் கொதிக்க வைத்தே பருகுக. சமைப்பவர் சோப்பிட்டுக் கை கழுவுதல், சமையலின் முதற்படி என்பதை மறவாதீர்.

ஊராட்சி ஆற்றக்கூடிய பணிகள்

சமையல் என்றதும், ‘இது வீட்டுப் பெண்களின் காரியம், மன்றத்துக்கு இதில் என்ன வேலை?’ என்று உறுப்பினர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று. நல்ல கடலை அடுக்களைக்கு வருவதற்கு முன் களம் வேண்டும். நல்ல நீர் வேண்டும். நல்ல செய்தி வேண்டும். இவை மூன்றும் பொதுக் காரியங்களே.

ஊரில் சிமெண்ட் உலர்களம் உண்டா, அது நிலக்கடலை பறிக்கும் காலத்தில் வெடிப்பும் புதருமாகக் கிடக்கிறதா என்று ஆவணியிலேயே பார்த்துச் செப்பனிடுதல் வேண்டும். களத்தில் யாருக்கு எந்நாள் என்று முறை வகுத்தால் பூசல் எழாது. சிறு விவசாயியும் பின்தங்கமாட்டார். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதை மழை தொடங்குமுன்னும் மழையினூடும் தவறாமல் கண்காணிக்க வேண்டும்.

அங்கன்வாடியில் தாய்மார் கூடும் நாளில் கடலை ஆய்தலையும் பயறு முளைகட்டுதலையும் செய்து காட்டலாம். சொல்லிக் கேட்பதைவிடக் கண்டறிவது நெஞ்சில் நிற்கும். மகளிர் சுய உதவிக் குழுவினர் கடலை உருண்டையும் பொரி உருண்டையும் செய்து ஊர்ப் பண்டிகைகளிலும் பள்ளி விழாக்களிலும் விற்க முன்வந்தால், இடமும் ஊக்கமும் அளிப்பது மன்றத்தின் கடமை. விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவும், செய்த தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதவும் வேண்டும். ஊரார் கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே சுழல இதுவும் ஒரு வழி.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரண்டும் இம்மழை மாதங்களிலேயே வருகின்றன. சாலையும் விளக்கும் பேசும் அவையில், களமும் கடலையும் குழந்தையின் உணவும் ஒரு பொருளாகப் பேசப்படட்டும்.

மன்றத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இவ்வாண்டு விளைந்த கடலை, பயறு, சிறுதானியம் ஆகியவற்றில் எவ்வளவு வீட்டு உபயோகத்துக்கு நிற்கிறது? அது நல்லதா, கழித்ததா?

2. நிலக்கடலையை உலர்த்த ஊரில் போதிய களமும் தார்ப்பாயும் உண்டா? இல்லையெனில் எங்கு, எப்போது அமைக்கலாம்?

3. பூஞ்சணம் பிடித்த கடலையை இப்போது என்ன செய்கிறோம்? மாட்டுக்கு வைக்கும் வழக்கம் இருப்பின் அதை எவ்வாறு நிறுத்துவது?

4. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் கடைப் பொட்டலங்களுக்குச் செலவிடும் காசு ஒரு மாதத்தில் எவ்வளவு ஆகும்? அத்தொகைக்கு எத்தனை கிலோ பயறு வாங்கலாம்?

5. ஏரிக்கரையில் இவ்வாண்டு எத்தனை பனங்கொட்டை ஊன்றப் போகிறோம்? காவல் யார் பொறுப்பு?

நான்காம் வினாவுக்கு விடையை ஒவ்வோர் ஊரும் தானே கணக்கிட்டு அறிதல் வேண்டும். தாமே எண்ணிக் கண்ட கணக்கே மக்கள் மனத்தில் தைக்கும்.

உழுது விளைப்பவர் தம் விளைவில் முதல் பிடியைத் தம் குழந்தைக்கு எடுத்து வைத்தல் தன்னலம் ஆகாது. அவ்வாறு எடுத்த நல்ல கடலையும் பயறும் சுண்டலாகவும் உருண்டையாகவும் அடையாகவும் இம்மூன்று மாதங்களிலும் வீடுதோறும் விளங்குமாயின், தைப்பொங்கலுக்குப் புதுநெல் வரும்போது அதைச் சுவைத்து உண்ண நலமுள்ள பிள்ளைகள் நம் ஊர்களில் இருப்பர். அதற்கான வேலையை வரும் புரட்டாசியில், களத்தைக் கூட்டுவதிலிருந்தே தொடங்குவோமாக.